தீவிழுங்கி யாருடைய படம்

அன்பு மகளே,

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ தொலைபேசியில் ஒன்று கேட்டாய். ஹைதராபாத்தில் உன்னை வேலைக்கு எடுக்கவிருக்கும் வரைகலை நிறுவனத்துக்கு உன் படங்களில் சிலவற்றைத் தேர்ந்து அனுப்ப வேண்டும். அவை உன் சொந்தக் கற்பனை என்றும், வேறு எவருக்கும் அவற்றில் உரிமை இல்லை என்றும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். நீ பள்ளி நாளில் வரைந்த தீவிழுங்கியை அதில் சேர்க்கலாமா என்று கேட்டாய். "வேண்டாம்மா, வம்பு" என்று சொல்லிவிட்டு, விடுதியில் சாப்பாடு எப்படி என்று பேச்சை மாற்றினேன். நீயும் "சரிப்பா" என்று விட்டுவிட்டாய். என் பதில் தவறு. தவறு என்று தெரிந்தே சொன்னேன். அதைத் திருத்துவதற்காக இதை எழுதுகிறேன். இது உனக்கு எழுதியது. ஆனால் உன் நிறுவனத்தார், உன் தோழிகள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உன்னைப் பற்றிய ஒரு பொய் பிறர் கைக்குப் போயிருக்கிறது. உண்மை மட்டும் ஒட்டிய உறைக்குள் இருப்பது முறையல்ல.

பிறரும் படிக்கக்கூடும் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சொல்லிக்கொண்டு போகிறேன். திருத்தங்கலில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள் மிஷினில் ஏறுவதற்கு முன்பு, மாதிரித் தாளைப் பார்த்து, சரி என்று கையெழுத்திடுவது என் பொறுப்பு. உரிம எண், எச்சரிக்கை வாசகம், உள்ளே இருக்கும் எண்ணிக்கை, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்பது போன்ற பன்னிரண்டு விஷயங்களை ஒரு அட்டையில் எழுதி வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறியிடுவேன். என் கையெழுத்துக்குப் பிறகு ஒரு லேபிளும் திரும்பி வந்ததில்லை என்ற பெருமை எனக்கு உண்டு. அந்தப் பன்னிரண்டில், படம் யாருடையது என்ற கேள்வி இல்லை. எங்கள் ஊரில் எவருடைய அட்டையிலும் அந்தக் கேள்வி இருந்ததில்லை. அந்த ஆண்டு எந்தப் படம் ஓடுகிறதோ அதன் நாயகன் சரவெடிப் பெட்டியில் ஏறுவான். எந்தப் பொம்மையைப் பிள்ளைகள் விரும்புகிறார்களோ அது கம்பி மத்தாப்பில் ஏறும். யாரையும் கேட்கும் வழக்கம் கிடையாது.

டிராகன் என்கிற பறக்கும் நாகங்கள் வரும் அந்த வெளிநாட்டுச் சினிமாக்கள் தமிழில் வரத் தொடங்கியபோது நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். முதல் பாகத்தை ஊர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் பாகத்தில் பித்துப் பிடித்தது. மூன்றாம் பாகம் விருதுநகருக்கு வந்த அன்று உன்னையும் உன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனது உனக்கு நினைவிருக்கும். வெள்ளித் தாளில் சிறகு செய்து முதுகில் கட்டிக்கொண்டு ஒரு கூட்டமே வரிசையில் நின்றது. எங்கள் அச்சகத்தில் கழித்துப் போட்ட தாள் அது, பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் கம்பெனி வண்டியிலேயே வந்து இறங்கியிருந்தார்கள். தட்டியில் அவர்களே வரைந்த நாகத்துக்கு ஒருத்தி மாலை போட, இன்னொருத்தி, "ஏட்டி, சாமிக்குப் போடாத மாலைய பாம்புக்குப் போடுத" என்றாள். "சாமி நமக்கு லீவு வாங்கித் தருமா? இது தந்துச்சுல்ல" என்றாள் மாலை போட்டவள். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. எவனோ ஒருவன் எங்கோ ஒரு நாட்டில் காசுக்காக எடுத்த படத்துக்கு, நாள் முழுக்கத் திரி திரித்த கைகள் ஏன் கூலியில்லாமல் தட்டி கட்ட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றும் அந்தச் சந்தேகம் எனக்குத் தீரவில்லை.

நீ தட்டி கட்டவில்லை, வரைந்தாய். படத்தில் வரும் நாகங்கள் போதாமல் நீயாக நாகங்களை உண்டாக்கினாய். அவற்றுக்குப் பெயர் வைத்து, படத்தில் இல்லாத கதைகளை எழுதினாய். சிவகாசியில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கணினிக் கடைக்குச் சனிக்கிழமைதோறும் போய், அந்தப் படங்களை விரும்புகிறவர்கள் கூடும் ஓர் இணையதளத்தில் அவற்றை ஏற்றினாய். அங்கே உன் பெயர் சாம்பல் என்றிருந்தது. மற்றவர்களும் அப்படித்தான்: புகை, இடி, கறுப்புப் பல். சொந்தப் பெயரில் ஒருவர்கூட இல்லை. பெயரை மறைப்பவன் வேறு எதையும் மறைப்பான் என்பது என் எண்ணம். அந்தத் தளத்தின் விதிமுறைகளை நீ படிக்காமல் சம்மதம் கொடுத்திருந்தாய். பிற்பாடு நான் முழுவதும் படித்தேன். அங்கே ஏற்றப்படும் எந்தப் படத்தையும், கேட்காமலும் காசு கொடுக்காமலும், படத் தயாரிப்பாளர் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பொடி எழுத்தில் இருந்தது. நீங்களெல்லாம் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கு அவர்கள் முன்கூட்டியே ஒரு ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் என் சந்தேகம் வீண்போகவில்லை. உன் புதிய வேலையிலும் பொடி எழுத்தை முதலில் படி. பெரிய எழுத்தில் நல்லதைத்தான் எழுதுவார்கள்.

மற்ற எல்லாவற்றிலும் என் சந்தேகம் தவறான ஆளின் மேல் விழுந்தது. நீ பதினோராம் வகுப்பில் இருந்த ஆண்டின் வைகாசியில், புஸ்வாணப் பெட்டிக்கான ஒரு லேபிளுக்குக் கையெழுத்திட்டேன். நாரணாபுரத்துக் கம்பெனியின் ஆர்டர். மலைமேல் உட்கார்ந்த ஒரு நாகம், வாயிலிருந்து பொறி பறக்கிறது. இடது சிறகில் சதுரம் சதுரமாக ஒட்டுப் போட்டிருந்தது. நல்ல லேபிள் என்று நினைத்தேன். சீசன் தொடங்கும் வரை புது லேபிளை வெளியே காட்டுவதில்லை. காட்டினால் ஒரே மாதத்தில் அதே சாயலில் நான்கு வந்துவிடும். பத்து நாள் கழித்து அந்தக் கம்பெனி முதலாளி தம் மருமகனோடு அச்சகத்துக்கு வந்தார். "அண்ணாச்சி, நம்ம லேபிளு நெட்டுல கெடக்கு. மாப்பிள பாத்துட்டு வந்திருக்காரு. இங்கன இருந்துதான் போயிருக்கு. எப்படின்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கழிவுத் தாளை அச்சகத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அதை எழுதிச் சுவரில் ஒட்டியவனே நான்தான். ஆனால் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் தாளை எரிக்க மனம் வராமல், வாரம் ஒரு கட்டு உனக்கு வரைவதற்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். அவற்றில் அந்த லேபிளும் ஒன்று வந்திருக்கும், நீ அதைப் பார்த்து வரைந்து உன் முகம் தெரியாத கூட்டத்துக்குக் காட்டியிருப்பாய் என்று, பேருந்தில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, உன்னைக் கேட்காமல் உன் பையைக் கொட்டினேன். அந்த நாகம் இருந்தது. அதே மலை, அதே ஒட்டுப்போட்ட சிறகு. கீழே வலது மூலையில், எந்தத் தாளானாலும் தேதி போட வேண்டும் என்று நான் பழக்கியபடியே, நீ தேதி போட்டிருந்தாய். பொங்கல் விடுமுறைத் தேதி. லேபிளுக்கு ஆர்டர் வந்ததே சித்திரையில்தான். ஒரு நேர்மையான மனிதனுக்கு அந்தத் தேதி போதுமானதாக இருந்திருக்கும். எனக்கு அது உன் சாமர்த்தியமாகத் தெரிந்தது.

"லேபிளப் பாத்துத் திருடி வரஞ்சுட்டு, தேதிய முன்னாடி தள்ளிப் போட்டிருக்க" என்றேன்.

"நாந்தாம்ப்பா வரஞ்சேன். இது தீவிழுங்கி. நானா யோசிச்சது. லேபிளா? எங்க, காட்டுங்க."

காட்டினேன். உன்னைத் திருடி என்று சொன்னதற்குக்கூட நீ அழவில்லை. லேபிளைப் பார்த்ததும்தான் உன் முகம் மாறியது. "அய்யோ, தப்பாப் போட்டிருக்காகப்பா. இது நெருப்பத் துப்பாது. முழுங்கும். எங்கன தீப்பிடிச்சாலும் போயி முழுங்கிரும். அதுக்குத்தான் செறகெல்லாம் வெந்து, தீப்பெட்டி லேபிளா ஒட்டித் தச்சு வச்சிருக்கேன். பாருங்க, இது ஒண்ணு ஒண்ணும் தீப்பெட்டி லேபிளு" என்று தாளை என் கண்ணருகே கொண்டுவந்தாய். ஆமத்தூர்ப் பக்கம் உன் வகுப்புத் தோழியின் தாயார் வேலை செய்த பட்டாசு அறையில் தீப்பிடித்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? நான் அந்தப் பக்கமே யோசிக்கவில்லை.

"கம்ப்யூட்டர் கடைக்கு வாங்கப்பா. நெட்டுல நான் ஏத்துன தேதி இருக்கு. அத நான் மாத்த முடியாது."

"கம்ப்யூட்டர்ல எதையும் மாத்தலாம்."

அடுக்களையிலிருந்து உன் அம்மா சொன்னாள்: "உங்க கண்ணுக்கு ஒலகத்துல எல்லாமே திருட்டுப் பிரிண்டுதான். பிள்ளையுமா?" நான் அவளை வாயை மூடச் சொன்னேன்.

மறுநாள் உன்னை நாரணாபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "கம்பெனியின் லேபிளைப் பார்த்து நகல் எடுத்தேன், அனுமதியில்லாமல் வெளியிட்டேன், அந்தப் படத்தில் எனக்கு எந்த உரிமையும் இல்லை" என்று நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். கூர்மையான வாசகம், பிற்பாடு எவரும் உடைக்க முடியாதபடி அமைத்திருந்தேன். கையெழுத்திடும்போது என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாய். கீழே தேதி போடு என்றேன். அன்றிலிருந்து கணினிக் கடைக்குப் போகக் கூடாது, அந்த ஆட்களோடு எழுதக் கூடாது என்றேன். நீ வரைந்த நோட்டுகளையும் அந்தத் தாளையும் என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். நீ ஒரு முறைகூடச் சாவியைக் கேட்கவில்லை. கல்லூரிக்கு மதுரைக்குப் போன பிறகும், விடுமுறைக்கு வரும்போது நான் உள்ளே வந்தால் வரைந்துகொண்டிருக்கும் தாளைக் கவிழ்த்து வைப்பாய். அதைக் கெட்ட பழக்கம் என்று உன்னைக் கண்டித்திருக்கிறேன்.

இதுவரை உனக்குத் தெரியும். இனிச் சொல்வது தெரியாது.

அந்தத் தீபாவளி முடிந்து அச்சகத்தில் வேலை குறைந்திருந்த ஒரு நாள், லேபிள்களுக்குப் படம் அமைக்கும் பாண்டியிடம், புஸ்வாண நாகத்தை எதைப் பார்த்து வரைந்தாய் என்று சும்மா கேட்டேன். அவன் சிரித்தான். "நான் எங்க வரஞ்சேன் அண்ணாச்சி? டிராகன் படத்த நெட்டுல தேடுனேன். அம்புட்டு வந்து கொட்டுச்சு. அதுல இது ஒண்ணு ஷோக்கா இருந்துச்சு. வாயில கொஞ்சம் பொறி மட்டும் நான் போட்டேன். யாரோ வெள்ளக்காரப் பய வரஞ்சிருப்பான், அவன் எங்க வந்து கேக்கப் போறான்?" அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவன் எடுத்தான், நான் பன்னிரண்டு விஷயங்களையும் பார்த்துக் கையெழுத்திட்டேன், பிறகு, எடுத்த பொருளின் சொந்தக்காரியைப் பிடித்துக்கொண்டுபோய் மன்னிப்பு எழுத வைத்தேன்.

அன்று மாலையே கணினிக் கடைக்குத் தனியாகப் போனேன். கடைக்காரர் அந்தத் தளத்தை எடுத்துத் தந்தார். உன் படம் இருந்தது. பொங்கலுக்கு மறுவாரத் தேதி இருந்தது. அதன் கீழே கேள்விகள் இருந்தன. சாம்பல் ஏன் வரவில்லை, உடம்புக்கு ஏதாவதா, யாருக்காவது தெரியுமா என்று மாதக்கணக்கில் கேட்டிருந்தார்கள். கடைசியில், கோயம்புத்தூரிலிருந்து புகை என்ற பெயருள்ளவர் எழுதியிருந்தார்: தீபாவளிக்கு வாங்கிய பெட்டியில் சாம்பலின் தீவிழுங்கி இருக்கிறது, சிறகைப் பாருங்கள், இது அவள் கைதான், ஆனால் நெருப்பைத் தலைகீழாக்கிவிட்டார்கள், அவள் பார்த்தால் வருந்துவாள். நான் அதை இரண்டு முறை படித்தேன். உன் முகத்தையே பார்த்திராத ஒருவருக்கு, ஒரு பெட்டியைப் பார்த்ததும் தெரிந்திருக்கிறது. உன் ஒவ்வொரு தாளையும் கொண்டுவந்து தந்தவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உன்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் லேபிள் திருட்டு என்றாகும், கையெழுத்து என்னுடையது. பரீட்சை நேரம், பிள்ளை மனதைக் கலைக்க வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பிறகு கல்லூரி. பிறகு அடுத்த பரீட்சை. ஐந்து ஆண்டுகள் இப்படிப் போயின.

உன் "சரிப்பா"வைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை நாரணாபுரத்துக்குப் போனேன். முதலாளி நன்றாகத்தான் பேசினார்.

"வாங்க அண்ணாச்சி. டீ சாப்பிடுதீகளா?"

"எம் மக எழுதிக் குடுத்த தாளு ஒண்ணு உங்ககிட்ட இருக்கு. அது வேணும்."

"அதுவா? எந்தக் காலத்துக் கத அது. பிள்ளைக்குக் கல்யாணமா?"

"வேல கெடச்சிருக்கு. அந்தத் தாளு பொய். படம் அவளோடது."

"தெரியாதுன்னா நெனைக்கீக? அந்தச் சீசன் முடியவுமே, நெட்டுல இருந்து எடுத்ததுன்னு பாண்டி சொல்லிட்டான். ஆனா அந்த லேபிளுதான் இன்னைக்கும் நமக்கு ஓடுது. நாளைக்கு எவனாவது வந்து படம் என்னோடதும்பான். காட்டுறதுக்கு எங்கிட்ட இருக்குறது உங்க பிள்ள எழுதுன தாளு ஒண்ணுதான். அத எப்படிக் குடுக்க?" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தாமலே, "நான் எழுதி வாங்கச் சொல்லலியே அண்ணாச்சி. எப்படிப் போச்சுன்னு பாருங்கன்னுதான சொன்னேன். பிள்ளையக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சு எழுத வச்சது நீங்கதான?" என்றார்.

அவர் சொன்னது உண்மை. யாரும் கேட்காத ஒரு பத்திரத்தை நானாகவே கொடுத்தேன். கழிவுத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனவன் யார் என்ற கேள்வி எழுவதற்கு முன்பே ஒரு குற்றவாளியைக் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு இருந்தது. அதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். மகளே, விதி பேசுகிறவர்களைப் பார்த்தால், அவர்கள் அந்த விதியை எங்கே மீறியிருக்கிறார்கள் என்று கொஞ்சம் தேடிப் பார். நான் உனக்கு அறிவுரை சொல்லும்போதும் அப்படியே செய்.

அந்தத் தாளை அவர் தரமாட்டார். ஆகவே அதற்கு எதிராக இன்னொரு தாளை எழுதியிருக்கிறேன், இதோடு இணைத்திருக்கிறேன். தீவிழுங்கி என்ற படத்தை என் மகள் வரைந்தாள் என்றும், லேபிளுக்கு அது அவள் அனுமதியின்றி எடுக்கப்பட்டது என்றும், மாதிரித் தாளில் சரி என்று கையெழுத்திட்டவன் நான் என்றும், அவள் எழுதிக்கொடுத்த மன்னிப்புக் கடிதத்தின் ஒவ்வொரு வரியும் என்னால் சொல்லப்பட்டு, என் கட்டாயத்தால் எழுதப்பட்டது என்றும், அப்போது அவளுக்கு வயது பதினாறு என்றும் அதில் இருக்கிறது. திருத்தங்கலில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒருவன் பாண்டி. "வேல போனா உங்க வீட்டுலதான் சாப்பாடு" என்று சொல்லிக்கொண்டே போட்டான். நகலை நேற்று எங்கள் அச்சக முதலாளியிடம் நானே கொடுத்தேன். படித்துவிட்டு, "இத நீங்க எங்கிட்டக் காட்டாமயே செஞ்சிருக்கலாம் அண்ணாச்சி" என்றார். நாளை வேலைக்கு வரலாமா என்று கேட்டேன். "வாங்க, பாப்போம்" என்றார்.

அந்த இணையக் கூட்டத்தைப் பற்றிய என் எண்ணம் முழுக்க மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. பெயரில்லாதவர்களின் பாராட்டை இன்றும் நான் நம்பமாட்டேன். ரசிகர்களின் உழைப்பை இலவசமாக வாங்கிக்கொள்ளும் படக்காரர்களையும் நம்பமாட்டேன். நான்காம் பாகம் வருகிறதாம், சிறகு கட்டிக்கொண்டு மறுபடியும் நிற்பார்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் உன்னைத் தேடியவர்களுக்கு நீ ஒரு வரி எழுத வேண்டும். போகாதே என்று தடுத்தவன் நான். அதை அப்படியே சொல். அந்தத் தளம் இன்னும் இருக்கிறது, போன வாரம் பார்த்தேன். உன் நாகத்தை வைத்து வேறு யாரோ கதை எழுதியிருக்கிறார்கள். கதை சுமார். சாம்பலின் படம் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறார்கள்.

உன் நோட்டுகள் மூன்றையும், தீவிழுங்கியின் மூலத் தாளையும் தனியே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தாள் மடங்காமலிருக்க இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். பெற்றுக்கொண்டதும் எண்ணிப் பார். நீ என்னை மன்னிப்பதும் மன்னிக்காமலிருப்பதும் உன் உரிமை. அதற்குக் கெடு எதுவும் இல்லை. நிறுவனத்துக்கு மட்டும் பத்தாம் தேதி கெடு என்றாய். படத்தைச் சேர், உறுதிமொழியில் கையெழுத்திடு, என் தாளையும் கூடவே வை. அவர்கள் யாராவது விசாரிக்க நினைத்தால் நம் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடு. மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். இனி பகலிலும் இருக்கக்கூடும்.

அப்பா